குகைக் காசு

காப்ரித் தீவு பணக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்றொரு நம்பிக்கை உலகம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. அது பிழை. மிகப் பெரிய பிழை. மன்னிக்கவும் சார், நான் ஒட்டுக்கேட்கவில்லை. நீங்கள்தான் போனில் சத்தமாகப் பேசினீர்கள். "இத்தாலிப் பக்கத்துத் தீவெல்லாம் நம்மள மாதிரி ஆளுக்கு ஆகுமா" என்று யாரிடமோ சொன்னீர்கள். ஆகும். நான் போயிருக்கிறேன். ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலை. கப்பல் கட்டணம் போக, அந்தத் தீவில் எங்கள் மொத்தச் செலவு நாற்பது யூரோவும் ஒரு ரூபாயும். ஒரு ரூபாய் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. நம் ஊர் நாணயம்தான். அதற்கு வருகிறேன்.

துபாய் விமானம் இறங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. உங்கள் மருமகன் அதில்தானே வருகிறார்? என் ஆட்களும் அதில்தான். உட்காருங்கள். இந்த மதுரை விமான நிலையத்தில் உட்காரக் காசு கிடையாது. காப்ரியில் உண்டு. நின்றுகொண்டு காப்பி குடித்தால் ஒரு விலை. அதே காப்பியை நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. நாற்காலியிலிருந்து கடல் தெரிந்தால் இன்னொரு விலை. விலைப்பட்டியலை நான் நின்றபடியே முழுவதும் வாசித்தேன், அதற்குக் காசில்லை. ஆங்கிலப் பகுதியில் இரண்டு பிழை இருந்தது. பரிமாறுபவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் எங்களுக்குக் காப்பி தரவில்லை.

நான் சிவகாசி. பெயர் வேலாயுதப்பெருமாள். காலண்டர் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்தியவன். நீங்கள் தினமும் கிழித்துப் போடுகிற தாளில் ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறாமல் இருந்தன என்றால் அதற்கு நான் பொறுப்பு. பேசும்போதுகூட எனக்குக் காற்புள்ளி விழுகிறது என்று என் மனைவி சொல்வாள். அவள் பெயர் சண்முகவடிவு. வடிவு என்று கூப்பிடுவேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் சகலை. தனபாலன். வடிவின் தங்கை தேவகியைக் கட்டியவன், எங்கள் ஊரிலேயே மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறான். ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு போய் ஒன்பது நாளில் ஏழு நாட்டைப் பார்த்துவிட்டு வந்தான். எந்த நாட்டில் எது இருந்தது என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் காப்ரியில் ஒரு நீலக் குகை இருக்கிறது. கடல் மட்டத்தில் சின்ன வாய், துடுப்புப் படகில்தான் நுழைய முடியும், உள்ளே தண்ணீர் அடியில் விளக்குப் போட்டது மாதிரி நீலமாக எரியும். அதற்குள் தானும் தேவகியும் படகில் இருக்கிற படத்தை ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வீட்டு மாடியில், விருந்தாளி அறையில், கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறான். "வர்றவங்க கண்ணு முழிச்சதும் அதைத்தான் பாக்கணும் அண்ணாச்சி" என்றான். அந்த அறையில் என் ஆயுளில் படுக்க மாட்டேன் என்று அன்றைக்கே அறிவித்துவிட்டேன்.

வடிவு அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டாள்: "நெசமாவே தண்ணி அந்த நெறத்துல இருக்குமாங்க? ஒரு தடவை பாத்துறணும்."

அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட இரண்டாவது விஷயம் அது. முதலாவது ஒரு கிரைண்டர். அதை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் பெரும்பகுதி எங்கள் மகள் நிறைமதியின் கல்யாணத்துக்கு. தை மாதம் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. மிச்சம் இருந்ததில்தான் இத்தாலி. எப்போது டிக்கெட் மலிவு? அக்டோபரில். அக்டோபர் என்றால் நமக்குப் புரட்டாசி. வடிவு புரட்டாசி முழுவதும் கறி மீன் தொட மாட்டாள். சுற்றிலும் மீனைத் தவிர வேறெதுவும் இல்லாத தீவுக்கு அவளைப் புரட்டாசியில் அழைத்துப்போவதில் இருந்த சிக்கனத்தை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். வெளியில் சொல்லவில்லை.

நேப்பிள்ஸ் நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஆறாவது மாடியில் அறை. லிப்ட் கிடையாது. அங்கிருந்து காலைக் கப்பலில் காப்ரி போய், குகையைப் பார்த்துவிட்டு, மாலைக் கப்பலில் திரும்புவது என்று திட்டம். வடிவு பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். தேவகி படத்தில் ஜீன்ஸ் போட்டிருந்தாள், அதனால். "ஜோடியா இருக்கணும்" என்று என்னையும் பட்டு வேட்டி கட்ட வைத்தாள். குகைக்கு உண்டான நாற்பது யூரோவை ஊரில் இருக்கும்போதே அந்தப் புடவை முந்தானையில் தனியாக முடிந்து வைத்திருந்தாள். அதற்குக் குகைக் காசு என்று பெயர். பத்து நாளில் அந்த முடிச்சை நானும் தொட்டதில்லை, அவளும் அவிழ்த்ததில்லை.

மதியச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தியும் மாங்காய்த் தொக்கும் கட்டிக்கொண்டோம். கப்பலின் மேல்தளத்தில் பொட்டலத்தைப் பிரித்தபோது ஒரு கடற்பறவை வந்து மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போயிற்று. தொக்கோடு சேர்த்து. சற்று நேரம் கழித்து அது கப்பலின் கம்பியில் வந்து உட்கார்ந்து என்னையே பார்த்தது. பக்கத்தில் வரவில்லை.

இறங்கியதும் துறைமுகத்தில் ஒரு பலகை. அலை அதிகம், குகைக்குள் படகு போகாது, பிற்பகலில் தெரியும். வடிவு முந்தானையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "காத்திருப்போம்" என்றாள்.

காத்திருக்கிற நேரத்தை வீணாக்கலாமா? மலைக்கு மேலே இன்னோர் ஊர் இருக்கிறது, அனகாப்ரி. குகைக்கு அங்கிருந்தும் வழி உண்டு. பஸ்ஸில் போகலாம். ஆனால் பஸ் வருவதற்கு முன்பே இருந்த பழைய படிக்கட்டு ஒன்று உண்டு, தொள்ளாயிரத்து இருபத்தொரு படி. பினீசியர் படி என்று பெயர். கட்டியவர்கள் கிரேக்கர்கள். இதை நான் வடிவிடம் முந்நூறாவது படியில் விளக்கினேன்.

"பழனி எத்தனைங்க?" என்றாள்.

"அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று."

"அங்க மேல முருகன் இருப்பாரு."

மேலே ஒரு தேவாலயம் இருந்தது. வாசலில் கூட்டம். சரியாக நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நிற்கிறோம், கதவு திறந்து மணமகனும் மணமகளும் வெளியே வருகிறார்கள். எனக்கு அதிர்ச்சி. புரட்டாசியில் கல்யாணம்! முப்பத்தொரு வருடத்தில் புரட்டாசித் தாளில் ஒரு முகூர்த்தம்கூட நான் அச்சேற விட்டதில்லை சார். பாவம், அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள், சுற்றியிருந்தவர்கள் கையில் இருந்ததை எடுத்து மணமக்கள் தலையில் வீசினார்கள். என்ன வீசினார்கள்? அரிசி.

"என்னங்க, அட்சதை!" என்றாள் வடிவு. அப்படியொரு குரல் அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற அம்மாள் கூடையை நீட்டினாள். வடிவு இரண்டு கையாலும் அள்ளி, கண்ணை மூடி, என்னவோ முணுமுணுத்து, போட்டாள். எனக்கும் கொஞ்சம் கொடுத்தாள். நான் போட்டது மணமகனின் காதில் விழுந்தது.

அதற்கப்புறம் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல. பட்டுப்புடவையும் பட்டு வேட்டியுமாக அட்சதை போட்டவர்களை யார் வெளியாள் என்பார்கள்? கூட்டம் நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். எலுமிச்சை மரங்களுக்கு நடுவே நீள மேஜை போட்டிருந்தார்கள். நாற்காலியை இழுத்து உட்காரச் சொன்னார்கள். "உட்கார எவ்வளவு?" என்று நான் கேட்டேன். யாருக்கும் புரியவில்லை. உட்கார்ந்தோம். இந்தப் பக்கத்தார் எங்களை அந்தப் பக்கத்தார் என்று நினைத்தார்கள், அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்தார் என்று. நம் ஊரிலும் அப்படித்தானே?

மீனாக வந்தது. வரிசையாக மீன். வடிவு ஒவ்வொரு தட்டையும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாள். நானும் அனுப்ப வேண்டியதாயிற்று, அவள் பக்கத்தில் இருந்தாளே. கடைசியில் கொழுக்கட்டை மாதிரி ஒன்று வந்தது, உள்ளே பூரணத்துக்குப் பதில் பாலாடைக்கட்டி. வடிவு பதினான்கு சாப்பிட்டாள். நான் எண்ணவில்லை, தானாகத் தெரிந்தது.

வயிறு நிறைந்த பிறகுதான் அவள் பார்த்தாள். மணப்பெண்ணின் தகப்பனார் நின்ற இடத்துக்கு ஒவ்வொருவராகப் போய் ஒரு கவரைக் கொடுத்துக் கட்டிப்பிடித்துவிட்டு வருகிறார்கள்.

"மொய்" என்றாள்.

"இது இத்தாலி, வடிவு."

"கவருங்க. பாருங்க, கவருதான். சாப்பிட்டாச்சுல்ல?"

"சாப்பிட்டது கொழுக்கட்டை மட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பத்து நாளாக இருந்த முடிச்சு, நகத்தால் நெம்பித்தான் அவிழ்ந்தது.

"அது குகைக் காசு" என்றேன்.

"தெரியும். ஒரு ரூவா இருக்கா?"

ஒரு யூரோ நாணயம் இருந்தது. அதைக் கொடுக்காமல் பையைத் துழாவி நம் ஊர் ஒரு ரூபாயைக் கொடுத்தேன். கவர் என்னிடம் இருந்தது, அச்சகத்துக் கவர். அதன்மேல் பெயரும் ஊரும் எழுதினேன், மொய் என்றால் யார் எந்த ஊர் என்று வேண்டாமா? பெயர், கதவு எண், தெரு, சிவகாசி. அஞ்சல் குறியீட்டு எண் இல்லாமல் முகவரி எழுதுவது என் கைக்கு வராது. ஆறு இலக்கத்தையும் எழுதினேன்.

சார், அந்த நேரத்தில் எனக்கு மனதுக்குள் ஒரு நிம்மதி என்றால் தவறாக நினைக்க மாட்டீர்கள். குகை என்பது என்ன? தண்ணீருக்கு அடியில் இன்னொரு வாய் இருக்கிறது, அதன் வழியே வெயில் புகுந்து வருகிறது, சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது, நீலம் மிஞ்சுகிறது. இதை வடிவுக்கு மேஜையிலேயே விளக்கினேன், குவளையும் கரண்டியும் வைத்து. அவள் அரிசி ஒட்டியிருந்த உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தகப்பனார் கவரை வாங்கினார். கட்டைக் கழுத்து, வெயிலில் கறுத்த கை. பெயர் கொஸ்தான்சோ. மேலே எழுதியதைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மகளைக் கூப்பிட்டார். மணப்பெண் அசுந்தா ஹோட்டலில் வேலை பார்க்கிறவள், நல்ல ஆங்கிலம்.

"நீங்க மாப்பிள்ளை சைடா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை, "இல்லை" என்று தலையாட்டினான்.

வடிவு என்னிடம் சொன்னாள்: "மறைக்காமச் சொல்லுங்க. நாங்க ரெண்டு பக்கமும் இல்ல. வழியில வந்தோம், அட்சதை போட்டோம், சாப்பிட்டோம்."

சொன்னேன். கொஸ்தான்சோ கவரைப் பிரித்தார். நாற்பது யூரோவையும் ரூபாயையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அந்த ஒன்று எதற்கு என்று கேட்டார். இரட்டைப்படையில் கொடுத்தால் சமமாகப் பிரிந்து முடிந்துபோகும், ஒன்று கூடினால் பாக்கி நிற்கும், உறவு தொடரும் என்று விளக்கினேன். இருபது நிமிடம் ஆயிற்று. அவர் மேஜையிலிருந்து ஒரு சின்ன வலைப் பையை எடுத்து வடிவின் கையில் வைத்தார். விருந்தாளிகள் எல்லாருக்கும் கொடுக்கிற சர்க்கரை பூசிய பாதாம். எண்ணிப் பார்க்கச் சொன்னார். ஐந்து. "நாங்களும் ஒத்தைப்படைதான்" என்றாள் அசுந்தா. "பிரிக்க முடியக் கூடாதுன்னு."

பிறகு அவள் வடிவைப் பார்த்து, "குகை பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

குகை என்ற சொல் வடிவுக்கு எந்த மொழியிலும் புரியும் போலிருக்கிறது. என்னிடம் சொன்னாள்: "அதைப் பாக்கத்தான் வந்தோம், முடியலைன்னு சொல்லுங்க."

நான் மொழிபெயர்த்தேன்: "இந்தத் தீவு மிகவும் அழகாக இருக்கிறது என்கிறாள்."

ஏன் அப்படிச் சொன்னேன்? மொய் எழுதிவிட்டு உதவி கேட்பது மரியாதையா? அதுதான் காரணம். அசுந்தா என்னைப் பார்க்கவில்லை. வடிவின் முகத்தையே பார்த்தாள். அப்பாவிடம் ஏதோ சொன்னாள். மேஜை முழுவதும் சிரித்தது. அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள், கொஸ்தான்சோ முப்பது வருடமாக நீலக் குகையில் படகு வலிக்கிறவர். இன்றைக்கு அலை இறங்காது, நாளைக் காலை இறங்கும், தங்குங்கள் என்றார். எங்கே? மணப்பெண்ணின் அறை அன்றிலிருந்து காலி. அந்த வீட்டில் அவளுடைய அறையை ஒழித்துப் புது விரிப்புப் போட்டு எங்களுக்குக் கொடுத்தார்கள். ஜன்னலிலிருந்து கடல் தெரிந்தது. அதற்கு எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கடல் கண்ணாடி. பாறையில் வெட்டிய படியில் இறங்கிப் படகில் ஏறினோம். இங்கேதான் ஒரு கருத்து வேறுபாடு. குகையின் வாய் ஒரு மீட்டர் உயரம்தான், ஆகவே எல்லாரும் படகுக்குள் மல்லாந்து படுக்க வேண்டும் என்றார் கொஸ்தான்சோ. வடிவு உடனே படுத்துவிட்டாள், பட்டுப்புடவையோடு, ஈரப் பலகையில். நான் படுக்கவில்லை. அந்தக் குகையின் அடியில் ரோமானியச் சிலைகள் கிடந்தன, பேரரசர் ஒருவர் அதை நீச்சல்குளமாக வைத்திருந்தார் என்பதற்கு அது சான்று. எந்தப் பக்கம் கிடந்தன என்று வடிவுக்குக் காட்ட வேண்டாமா? மல்லாந்து கிடந்தால் எப்படிக் காட்டுவது? தலையைக் குனிந்துகொள்கிறேன் என்றேன். "படு" என்று கையால் காட்டினார். அலை தாழும்போது உயரம் கூடும் என்று கணக்குச் சொன்னேன். "படு" என்றார். அந்த மனிதருக்கு ஆங்கிலம் தெரியாது, நேரம் ஆகிறது, பின்னால் ஆறு படகு நிற்கிறது. கடைசியில் என் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கி, மரியாதையாக, படியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

வடிவு படுத்தபடியே கேட்டாள்: "வரலையாங்க?"

"நீ பார்த்துவிட்டு வா. நான் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன்."

அவர் குகை வாயில் பாறையோடு பதித்திருந்த சங்கிலியைப் பிடித்து இழுத்தார். படகு உள்ளே போய்விட்டது.

மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம். என் கைக்கடிகாரத்தில் இருபத்தைந்து ஆயிற்று. முதலில் கொஸ்தான்சோ பாடுவது கேட்டது, அந்தப் படகுக்காரர்கள் பாடுவது வழக்கம். அப்புறம் நின்றது. அப்புறம் ஒரு பெண் குரல். நலங்குப் பாட்டு சார். தமிழில். அந்தப் பாறை வாயிலிருந்து நலங்குப் பாட்டு வருகிறது. பின்னால் நின்ற படகுக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். யாரோ உள்ளூர்ப் பெண் நம் பாட்டைக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். வடிவு பாடி நான் கேட்டதில்லை. சுருதி கொஞ்சம் தாழ்வாக இருந்தது. எதிரொலியால் இருக்கலாம்.

வெளியே வந்தாள். புடவையெல்லாம் ஈரம். முகத்திலும் ஈரம், கடல் தண்ணீர்.

"நான் சொன்ன மாதிரியே வெயில் கீழேயிருந்துதானே வருகிறது?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள்.

அந்த ஒரு சொல்தான். இன்றுவரை குகையைப் பற்றி என்னிடம் வேறெதுவும் சொன்னதில்லை. தனபாலன் வந்து, "அண்ணாச்சி, உள்ள எப்படி?" என்று கேட்டபோது நான் முக்கால் மணி நேரம் விளக்கினேன். "நான் அஞ்சு நிமிசந்தான் இருந்தேன், இவ்வளவு கவனிக்கலையே" என்றான். வடிவு சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு.

கப்பல் ஏறும்போது கொஸ்தான்சோ குடும்பமே துறைமுகத்துக்கு வந்தது. வடிவு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, தை மாசம் எங்க பொண்ணு கல்யாணம், குடும்பத்தோட வந்துரணும்" என்றாள். முந்தின நாள் மொழிபெயர்ப்பில் ஒரு குறை நேர்ந்திருந்ததால், இந்த முறை ஒரு சொல் விடாமல் அசுந்தாவிடம் சொன்னேன். அதோடு பையில் இருந்த அடுத்த வருடத்துத் தினசரி காலண்டரை எடுத்து, முகூர்த்த நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தேன். பிழை இல்லாத காலண்டர். இப்படி அழைப்பது நம் மரபு. வருவது வேறு. தேனியிலிருந்து என் சொந்தத் தம்பி வருவதே சந்தேகம்.

பலகையில் பாருங்கள், விமானம் இறங்கிவிட்டது. வரவேற்கக் கொண்டுவந்த இந்த அட்டையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், பெயரை ஒருமுறை சரிபார்க்கிறேன். சரி. முதலில் பத்துப் பேர் என்றுதான் எழுதியிருந்தார்கள். அப்புறம் கொஸ்தான்சோ ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். பதினொன்று.

நேற்று வடிவு வீட்டில் எல்லா அறையையும் ஒழித்துப் புது விரிப்புப் போட்டுவிட்டாள். எங்கள் அறையையும். அவள் நிறைமதியோடு கூடத்தில் படுத்துக்கொள்கிறாள். எனக்குத் தனபாலன் வீட்டு மாடியில் ஏற்பாடு.